வாடிக்கையும் வழக்கமும்

மாலை மயங்கும் வேளையில் கடைத்தெருவோரத்தில் சாத்தே விற்பவர் கரியடுப்பை மூட்டி விசிறியால் வீசத் தொடங்கினால், அந்தப் புகை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அது மலாய்க்காரர் வீட்டுச் சன்னலிலும் நுழைகிறது. சீனர் கடையிலும் நுழைகிறது. வேலை முடிந்து திரும்பும் தமிழரின் மூக்கிலும் நுழைகிறது. பையில் காசு உள்ளவனையும் இல்லாதவனையும் ஒன்றுபோலவே அழைக்கிறது. உலகத்து விளம்பரங்களுள் மிகப் பழமையானதும் செலவு குறைந்ததும் இந்தப் புகையே என்றால் அது மிகையாகாது.

ஆயினும் புகை செய்வது அழைப்பு மட்டுமே. அழைப்புக்கு இணங்கி வந்தவர் மறுநாளும் வருவாரா, அடுத்த மாதமும் வருவாரா, தம் மக்களையும் கையைப் பிடித்து அழைத்து வருவாரா என்பதைப் புகை தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானிப்பவர் கடைக்காரர். வந்தவரை வாடிக்கைக்காரராக்குவது எவ்வாறு, ஆக்கியவரை நிலைநிறுத்துவது எவ்வாறு என்பவை உணவுக்கடை நடத்துவோர் அனைவரையும் உறங்கவிடாத வினாக்கள். அவற்றுக்கு விடை தேடி, நாம் இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சுட்டிறைச்சிக் கடைகளின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்க எண்ணுகிறோம். ஏனெனில் அந்நாட்டில் இவ்வினா அடுப்படியோடு நின்றுவிடாமல் உச்ச நீதிமன்றத்தின் படிகளையும் ஏறியது. நேயர்களுள் மாட்டிறைச்சி உண்ணாதாரும் இருப்பர்; பன்றியிறைச்சி உண்ணாதாரும் இருப்பர். நாம் பேச வந்தது இறைச்சியின் பெருமையை அன்று, மனிதரின் பெருமையை.

வரலாற்றுக்குள் புகுமுன் ஒரு சொல்லைக் கவனிப்போம். ‘வாடிக்கை’ என்னும் சொல்லுக்கு வழக்கம் என்பதே பொருள். ஒரு கடைக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டவர் வாடிக்கைக்காரர் ஆகிறார். ஆகவே, கடைக்காரர் விற்பது பண்டத்தை. சேர்ப்பதோ பிறருடைய வழக்கங்களை. வழக்கத்தை நம்பிப் பிழைப்பவர் வழக்கத்துக்கு அஞ்சிப் பிழைக்கவும் நேர்கிறது. நல்ல வழக்கமும் தீய வழக்கமும் ஒரே வாசல் வழியாகத்தான் அவர் கடைக்குள் வருகின்றன. எதைப் போற்றுவது, எதை விலக்குவது என்று தெரிந்துகொள்வதே அவருடைய அறிவு.

பார்பிக்யூ என்று அமெரிக்கர் அழைக்கும் இவ்வுணவின் பெயர், கரீபியத் தீவுகளின் தொல்குடிகளான தைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர் கேட்டறிந்த ‘பார்பக்கோவா’ என்ற சொல்லின் வழிவந்தது. கழிகளை நட்டு, அவற்றின்மேல் பரண் அமைத்து, அடியில் நெருப்பிட்டு இறைச்சியை வாட்டுவது அவர்களுடைய முறை. பின்னர் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இம்முறை வேரூன்றிற்று. பண்ணை முதலாளிமார் திருவிழாவும் தேர்தலும் வந்தால் முழு மாட்டையும் முழுப் பன்றியையும் சுட்டு ஊரைக் கூட்டி விருந்திட்டனர். விருந்திட்ட பெயர் முதலாளிக்கு. குழி வெட்டியவர், விறகு பிளந்தவர், இரவெல்லாம் கண்விழித்துத் தணல் தள்ளியவர் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் சந்ததியாருமே. 1865-ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபோது அம்மக்களுக்கு நிலமும் இல்லை, முதலும் இல்லை. ஆனால் கைத்திறன் இருந்தது. அத்திறனையே முதலாக வைத்துப் பலர் கடை தொடங்கினர்.

இத்தொழிலின் கஷ்டத்தை உணர்ந்தாலன்றி இதில் வாடிக்கைக்காரர் பெறும் இடம் விளங்காது. மாட்டின் நெஞ்சுக்கறி கடினமானது. அதனை ஓங்கிய தீயில் வைத்தால் தோல்போல் விறைத்துவிடும். ஹிக்கரி, ஓக் முதலிய கட்டைகளை எரித்து, மெல்லிய சூட்டிலும் புகையிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், சில வேளை அதற்கு மேலும், வைத்திருந்தால்தான் தசையை இறுக்கிப் பிடித்திருக்கும் நார் இளகிக் கூழாகிக் கறி பதமாகும். அதற்குள் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நீராகவும் கொழுப்பாகவும் போய்விடும். நாளைப் பகலில் விற்கவேண்டிய கறிக்கு இன்றிரவே நெருப்பு மூட்டவேண்டும். நாளை நூறு பேர் வருவரா, இருபது பேர் வருவரா என்று யார் அறிவார்? தேநீர்க்கடைக்காரர் ஆள் வந்த பின் நீரைக் கொதிக்க வைக்கலாம்; சுட்டிறைச்சிக் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. இன்னும் வாராத மனிதரை நம்பி இரவெல்லாம் கண்விழிப்பவர் அவர். எனவே, நாள்தோறும் தவறாது வருபவர் அவருக்கு வெறும் வரும்படியல்லர். உறக்கத்தைத் தருபவர் என்றே சொல்லவேண்டும்.

இனி ஒரு மனிதரைப் பார்ப்போம். மிசௌரி மாநிலத்துக் கான்சஸ் சிட்டி நகரில் 1871-ஆம் ஆண்டு முதல் பெரிய கால்நடைச் சந்தை நடைபெற்றது. சிக்காகோவுக்கு அடுத்தபடியாக அதுவே பெரியது என்று புகழ் பெற்றது. அங்கே இறைச்சிக்குப் பஞ்சமில்லை. செல்வர் விரும்பாத மலிவான துண்டங்களுக்கு அதனினும் பஞ்சமில்லை. 1907-ஆம் ஆண்டில் அந்நகருக்கு ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் வந்து சேர்ந்தார். அடிமைமுறை ஒழிந்து ஏறத்தாழப் பத்தாண்டில், டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரை அடுத்த பகுதியில் பிறந்தவர்; மிஸிஸிப்பி ஆற்று நீராவிக் கப்பல்களின் சமையற்கட்டில் தொழில் பயின்றவர். 1908-இல், தையல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஒரு சந்தில் அவர் தம் அடுப்பை வைத்தார். விலாவெலும்புக் கறியைப் புகையில் வாட்டிப் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு பாளம் 25 காசுக்கு விற்றார். தட்டில்லை, மேசையில்லை, விளக்கலங்காரமில்லை. பசித்த தொழிலாளிக்கு நண்பகலில் சூடான கறி கிடைத்தது. அவன் மறுநாளும் வந்தான்.

சந்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து பழைய டிராம் வண்டிக் கொட்டகை ஒன்றுக்கும் பெர்ரியின் கடை வளர்ந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த, ஜாஸ் இசைக்குப் பேர்போன அந்தப் பகுதியிலிருந்த கடைக்குக் கறுப்பரும் வந்தனர், வெள்ளையரும் வந்தனர். கூலியாளும் வந்தார், கனவானும் வந்தார். பெர்ரி இனிக்க இனிக்கப் பேசும் இயல்பினரல்லர். அவர் ஊற்றிக்கொடுத்த காரச்சாறு, உண்டவரின் கண்களில் நீர் வரவழைக்குமளவு உறைப்பாயிருந்தது. பணிசெய்வதே தம் தொழில், வேடிக்கை காட்டுவதன்று என்ற கருத்துப்பட அவர் பலகையொன்று வைத்திருந்ததாகச் சொல்லுவர். விறகுத் தீயன்றி வேறு முறையில் சுடுவது சுடுவதே அன்று என்பது அவர் கொள்கை. முகஸ்துதியால் அன்று, மாறாத பதத்தால் அவர் வாடிக்கையைப் பெற்றார். நேற்றுண்ட சுவை இன்றும் இருக்கும் என்ற நம்பிக்கையே உணவுக்கடையின் முதற் செல்வம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

1940-இல் பெர்ரி காலமானார். அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட் கடையை ஏற்றார். அவருக்குப் பின் 1946-இல் அவர் தம்பி ஆர்தர் பிரையன்ட் ஏற்றார். இந்த ஆர்தர் 1931-இல் தமையனைப் பார்க்க வந்து, பெர்ரியிடமே வேலைக்கமர்ந்தவர். கடை கைக்கு வந்ததும் அவர் செய்த செயல் நம் ஆராய்ச்சிக்கு மிக முக்கியமானது. பெர்ரியின் காரச்சாற்றை அவர் சற்றே தணித்தார். ஆசான் வகுத்த வழக்கம், ஊரறிந்த வழக்கம், முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம். அதனை மாற்றினால் வந்தவர் போய்விடுவரோ என்று அவர் அஞ்சி நிற்கவில்லை. உண்பவரின் வாய் எரிவது ஆசானுக்கு மரியாதையாகாது என்று கண்டார். ஆனால் விறகுத் தீயை மாற்றவில்லை, நேரத்தைக் குறைக்கவில்லை. விலக்கவேண்டியதை விலக்கினார், காக்கவேண்டியதைக் காத்தார். 1958-இல் நகராட்சி விளையாட்டரங்குக்கு அண்மையில் கடையை மாற்றினார். பந்தாட்டம் பார்க்க வந்த ஜனக்கூட்டமெல்லாம் அவருக்கு வாடிக்கையாயிற்று.

அந்தக் கடையில் இன்னொரு வழக்கம் இருந்தது. நெஞ்சுக்கறியை அரியும்போது ஓரங்களில் கருகி, புகையேறி, மொறுமொறுப்பாக உதிரும் சிறு துண்டுகளைப் பரிமாறும் மேடையின்மேல் ஒதுக்கி வைப்பர். வரிசையில் காத்து நிற்பவர் அவற்றைக் காசின்றி எடுத்துத் தின்னலாம். காத்திருப்பவருக்கு இது ஓர் ஆறுதல், கடைக்கோ கழிவு. ஆனால் உண்டவர் நாவில் அந்த இலவசத் துண்டுகளே நிலைத்து நின்றன. கால்வின் டிரிலின் என்ற எழுத்தாளர் இதே ஊரில் பிறந்தவர். 1972-இல் ஒரு பத்திரிகையில் அவர் எழுதியபோது, உலகிலேயே சிறந்த உணவுக்கடை இதுவே என்று சற்றும் தயங்காமல் கூறினார். அக்கருகல் துண்டுகளையும் ஏக்கத்தோடு நினைவுகூர்ந்தார். அதன்பின் அவை நாடெங்கும் புகழ் பெற்று, விலைக்கு விற்கும் தனிப் பண்டமாகவே ஆகிவிட்டன. கணக்கில் எழுதாமல் கொடுத்த ஒரு பிடி, கணக்கில் அடங்காத வாடிக்கையைக் கொண்டுவந்தது. 1982-இல் ஆர்தர் பிரையன்ட் இறந்த பின்னும் அவர் பெயரால் அக்கடை நிலைபெற்றது.

தெற்கே டெக்ஸாஸ் மாநிலத்தில் கதை வேறுவிதமாகத் தொடங்கிற்று. அங்கே ஜெர்மானியரும் செக்கரும் குடியேறிக் கசாப்புக் கடைகள் வைத்திருந்தனர். விற்காமல் எஞ்சிய இறைச்சி கெடாதிருக்க அதனைப் புகையில் வாட்டி வைப்பது அவர்கள் வழக்கம். பருத்தி எடுக்கும் பருவத்தில் மெக்சிக்கரும் கறுப்பருமான கூலித் தொழிலாளர்கள் ஊர்ஊராக வந்தனர். உணவுச்சாலைகளுக்குள் அவர்களை அமரவிடுவோர் அரியர். கசாப்புக் கடையிலோ காசு கொடுத்தால் வாட்டிய கறியும் கறிக்குழலும் காகிதத்தில் வைத்துக் கிடைக்கும். முற்றத்தில் நின்றோ குந்தியோ கையால் உண்டுவிட்டுப் போகலாம். சம்பள நாளன்று தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு நடந்த நம் பாட்டன்மாரின் நினைவு இவ்விடத்தில் நமக்கு வருவது இயல்பே. முள்கரண்டியில்லாமல் காகிதத்தில் வைத்து உண்ணும் அவ்வழக்கத்தையே பிற்காலத்தில் செல்வரும் தேடிவந்து பெருமையாகக் கொண்டனர். உள்ளே இடம் பெறாத ஏழைகள் முற்றத்தில் தொடங்கியது மாநிலத்தின் மரபாயிற்று.

அம்மாநிலத்து லாக்ஹார்ட் என்ற சிற்றூரில் 1900-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கிரூட்ஸ் மார்க்கெட் இவ்வகைக் கடைகளுள் பெயர்பெற்றது. 1948-இல் அது ஸ்மிட் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1999-இல் அக்குடும்பத்துப் பிள்ளைகளிடையே பாகப்பிரிவினை நேர்ந்தது. கட்டடம் சகோதரிக்கு, கடைப் பெயரோ சகோதரருக்கு. சகோதரர் புதிய கட்டடம் எழுப்பியபோது, பழைய அடுப்பின் தணலை ஒரு தொட்டியில் அள்ளி, தெரு வழியே இழுத்துச் சென்று புதிய அடுப்பை மூட்டினார். பார்த்தவர் இதனை வேடிக்கை என்று சொல்லியிருக்கலாம். நமக்கோ இதில் ஒரு பொருள் தோன்றுகிறது. வாசலும் கூரையும் மாறினாலும் நெருப்பு மாறவில்லை என்று வாடிக்கைக்காரருக்குக் காட்டிய உறுதிமொழி அது. மாறுதல் வந்தே தீரும். எது மாறவில்லை என்பதைக் காட்டத் தெரிந்தவரே வாடிக்கையை இழக்காமல் மாறுகிறார்.

நிற்க. இதுகாறும் கூறியவை சுவையும் திறமும் வாடிக்கையை நிலைநிறுத்திய கதைகள். இனிக் கூறுவது, வாடிக்கையின் பெயரால் மனிதத்தன்மையை மறுத்த கதை.

அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் உணவு பரிமாறப்பெறுவதை நகராட்சி விதி தடுத்திருந்தது. இருவருக்கும் ஒரே கடையில் இடமளிப்பதானால், தரையிலிருந்து ஏழடிக்குக் குறையாத உயரத்துக்குச் சுவர் எழுப்பவேண்டும். தெருவிலிருந்து வெவ்வேறு வாசல்களும் வைக்கவேண்டும். 1963-இல்தான் அவ்விதி நீங்கிற்று. ஏழடிச் சுவர்! அதனை மனிதன் தாண்டமுடியாது. ஆனால் புகை தாண்டியது, மணம் தாண்டியது, காசும் தாண்டியது.

அந்நகரில் ‘ஆலீஸ் பார்பிக்யூ’ என்று ஒரு கடை இருந்தது. மக்ளங் என்ற வெள்ளையர் குடும்பத்தார்க்குரியது. 220 பேர் அமரக்கூடிய பெரிய கடை. வேலையாட்கள் 36 பேர்; அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் கறுப்பர். 1927-ஆம் ஆண்டில் திறந்த நாள் தொட்டே கறுப்பருக்கு உள்ளே அமர்ந்து உண்ண இடமில்லை; பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம். நேயர்களே, இந்தக் காட்சியைச் சற்றே கண்முன் நிறுத்துங்கள். அக்கடையில் ஒரு கறுப்பரின் கை உணவைத் தொடலாம், அது தீண்டாமையாகவில்லை. அதே மனிதர் காசு கொடுத்து அந்த உணவின் முன் அமர்ந்தால் அது தீண்டாமையாயிற்று! உழைப்பு உள்ளே வரலாம். உழைத்தவர் விருந்தினராய் உள்ளே வரலாகாது. தமிழகத்துத் தேநீர்க்கடைகளில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக்குவளை வைத்த கொடுமையை அறிந்த நமக்கு இந்தத் தர்க்கம் புதியதன்று.

1964-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் சிவில் உரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். உணவுச்சாலை, தங்கும் விடுதி முதலிய பொது இடங்களில் நிறம், இனம், மதம் பற்றி வேற்றுமை காட்டலாகாது என்பது அச்சட்டம். மக்ளங் குடும்பத்தார் நீதிமன்றம் ஏறினர். தங்கள் கடை உள்ளூர்க் கடை. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கொண்டு மத்திய அரசு அதில் தலையிடமுடியாது என்பது அவர்கள் வாதம். கறுப்பரை உள்ளே அமர்த்தினால் கடை கணிசமான வியாபாரத்தை இழக்கும் என்ற அவர்கள் அச்சத்தையும் கீழ் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. செப்டம்பரில் அவர்களுக்குச் சாதகமாகத் தடையுத்தரவும் இட்டது. அதாவது, வெள்ளை வாடிக்கைக்காரரின் வழக்கம் ஒன்று. அவ்வழக்கத்துக்கு அஞ்சிய முதலாளி ஒருவர். அவ்வச்சத்தையே நியாயமென்று கொண்ட நீதிமன்றம் ஒன்று!

வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1964 டிசம்பர் 14-ஆம் நாள் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாக முடிவு கூறினர். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டாம் கிளார்க். அதில் ஒரு கணக்கு வருகிறது. சட்டம் வருவதற்கு முந்திய 12 மாதங்களில் அக்கடை ஏறத்தாழ 1,50,000 டாலருக்கு உணவுப்பொருள் வாங்கியது. அதில் 69,683 டாலர், அதாவது 46 விழுக்காடு, இறைச்சிக்கு. அந்த இறைச்சி உள்ளூர் வியாபாரியிடம் வாங்கியதேயாயினும், அவர் அதனை வேறு மாநிலங்களிலிருந்து தருவித்திருந்தார். ஆகவே அக்கடை தனித்தீவன்று. நாடு தழுவிய வணிகத்தின் ஒரு கண்ணி. காங்கிரஸ் மகாசபையின் சட்டம் அதற்கும் செல்லும் என்பது தீர்ப்பு. பன்றி மாநில எல்லை கடந்து வந்து மேசையில் ஏறலாம், அதே ஊர் மனிதர் வாசற்படி கடந்து நாற்காலியில் அமரலாகாது என்ற விந்தைக்கு அன்று முடிவு வந்தது.

அத்தீர்ப்பில் வியாபாரிகள் அனைவரும் படிக்கவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. காங்கிரஸின் விசாரணையில் கிடைத்த சான்றுகளை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. வருமான வேற்றுமையைக் கழித்துப் பார்த்தாலும், வேற்றுமை மிகுதியாகப் பாராட்டப்படும் பகுதிகளில் கறுப்பின மக்கள் உணவுச்சாலைகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் செலவிடும் தொகை குறைவாகவே இருந்தது. அவமானம் கிடைக்கும் இடத்தில் காசைக் கொட்ட எவர் விரும்புவர்? ஒருவர் போய்விடுவாரோ என்று அஞ்சி மற்றொருவரை வாராமலே செய்துகொள்ளும் முதலாளி, போகாதவரை எண்ணிப் பார்க்கிறாரேயன்றி வாராதவரை எண்ணிப் பார்ப்பதில்லை. வாராதவர் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

தீர்ப்புக்குப் பின் என்ன நடந்தது? அக்கடை சட்டத்துக்குப் பணிந்தது. கறுப்பின மக்கள் உள்ளே சென்று அமர்ந்து உண்டனர். வானம் இடிந்து விழவில்லை, அடுப்பும் அவிந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கடை தொடர்ந்து நடைபெற்றது. நீதிமன்றத்தில் சொல்லி நடுங்கிய அழிவு வரவேயில்லை.

இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை மறையாது ஒப்புக்கொள்ளவேண்டும். அநீதி செய்யும் கடை தானே அழிந்துவிடும் என்று கூறுவது ஆறுதலாயிருக்கும். ஆனால் அது மெய்யன்று. ஆலீஸ் கடை 1927 முதல் 1964 வரை, 37 ஆண்டுகள், மனிதரைப் பிரித்து வைத்துக்கொண்டே செழித்தது. சுவை நன்றாகவே இருந்தது. வாடிக்கையும் குறைவின்றி இருந்தது. வியாபார புத்தி ஒன்றே நீதியைக் கொண்டுவந்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தால் இன்னும் பல தலைமுறை காத்திருக்க நேர்ந்திருக்கும். தெருவில் இறங்கி அடிபட்டவர், சிறை சென்றவர், சட்டம் செய்தவர், வழக்காடியவர் ஆகிய அனைவரும் சேர்ந்து தள்ளியதால்தான் அவ்வாசல் திறந்தது. தீய வழக்கத்தை விலக்க வாடிக்கை தானே முன்வருவதில்லை.

சட்டம் வந்த பின்னும் பிடிவாதம் விடாதவர் இருந்தனர். தென் கரோலினா மாநிலத்தில் மாரிஸ் பெஸ்ஸிங்கர் என்பவர் ‘பிக்கி பார்க்’ என்ற பெயரில், காரிலமர்ந்தபடியே உணவு வாங்கி உண்ணும் சுட்டிறைச்சிக் கடைகள் ஐந்தும், சாண்ட்விச் கடை ஒன்றும் நடத்தினார். கறுப்பின மக்களுக்குச் சமமாகப் பரிமாற மறுத்தார். தம் மத நம்பிக்கைக்கு அச்சட்டம் விரோதம் என்றும் வாதித்தார். 1968 மார்ச்சு 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராக முடிவு கூறியது. உரிமைக்காக இவ்வாறு வழக்காடுபவர் தமக்காக மட்டும் வழக்காடவில்லை, நாட்டுக்காகவே வழக்காடுகிறார். ஆதலின் அவர் வென்றால் வழக்கறிஞர் செலவை எதிர்த்தரப்பிலிருந்து பெறுவதே பொதுவிதி என்று அத்தீர்ப்பு வகுத்தது.

ஆயினும் அவர் மனம் மாறவில்லை. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டணியின் கொடி 2000-ஆம் ஆண்டில் மாநிலச் சட்டசபைக் கோபுரத்திலிருந்து இறக்கப்பட்டபோது, அவர் அதனைத் தம் கடைகளின்மேல் ஏற்றினார். அவருடைய மஞ்சள் நிறக் கடுகுச்சாறு அதுவரை பெரிய கடைத்தொடர்கள் பலவற்றில் விலையாகிவந்தது. கொடி ஏறியதும் அத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அப்புட்டிகளைத் தட்டிலிருந்து இறக்கின. சாற்றின் சுவை ஒரு துளியும் மாறவில்லை. வாங்குபவரின் வழக்கம் மாறிவிட்டது. 1964-இல் சமத்துவம் காட்டினால் வாடிக்கை போய்விடும் என்று ஒரு முதலாளி அஞ்சினார். 2000-இல் சமத்துவத்தைப் பழித்ததால் மற்றொரு முதலாளியின் வாடிக்கை போயிற்று. நடுவே 36 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் வாடிக்கையின் மனச்சாட்சியும் வளர்ந்திருந்தது. பிற்காலத்தில் நிர்வாகம் அவர் மக்களிடம் வந்த பின் அக்கொடிகள் இறக்கப்பட்டன.

இருளைக் கூறிய நாம் ஒளியையும் கூறி முடிப்போம். அதே அலபாமாவில், மான்கமரி நகரில், 1942-ஆம் ஆண்டில் ஒரு கறுப்பினக் குடும்பம் தொடங்கிய ‘பிரெண்டா’ என்னும் சுட்டிறைச்சிக் கடை உண்டு. கறுப்பர் வாக்களிக்கப் போனால் எழுத்தறிவுச் சோதனை என்ற பெயரில் அவர்களை விரட்டிய காலம் அது. பிறர்க்கு ஐயம் தோன்றாதபடி மக்கள் கூடக்கூடிய இடம் அடுப்படியே. அக்கடையில் உரிமைக் கிளர்ச்சிக்காரர் கூடிப் பேசினர்; வாக்குரிமை பெறுவதற்காக எழுதப் படிக்கவும் அங்கே கற்பிக்கப்பட்டது. வயிற்றுக்கு உணவிட்ட கடை அறிவுக்கும் உணவிட்டது. அங்கே வந்தவர் வெறும் வாடிக்கைக்காரராக வந்து குடிமக்களாகத் திரும்பினர். தேநீர்க்கடை விசிப்பலகையில் ஒருவர் பத்திரிகை படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்ட மரபு நம்மிடமும் உண்டாகையால், அதன் அருமையை நாம் அறிவோம்.

சுருங்கச் சொல்லின், இவ்வரலாறு நமக்குக் காட்டும் வழி இதுவே. வாடிக்கையைப் பெறுவதற்குச் சுவை வேண்டும். காப்பதற்கு மாறாத பதமும், அளவுக்குமேல் தரும் ஒரு பிடியும், நம்பியவரை ஏமாற்றாத நாணயமும் வேண்டும். பெர்ரியும் பிரையன்டும் லாக்ஹார்ட்டுக் கசாப்புக்காரரும் இவற்றைக் காட்டினர். ஆனால் இவையெல்லாம் இருந்தும், வாசலில் ஒருவரைத் தடுத்து நிறுத்தும் கடை, நெருப்பைக் காத்து நெறியை அவித்த கடையே. வாடிக்கைக்காரர் விரும்புவதெல்லாம் வேதவாக்கன்று. அவர் நாவின் விருப்பத்துக்குக் கடைக்காரர் பணியலாம். அவர் மனத்தின் மாசுக்குப் பணியவேண்டுவதில்லை.

அதுபோலவே, உண்பவராகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. கடைக்காரரின் அச்சம் நம்முடைய வழக்கத்தைப் பார்த்துத்தான் பிறக்கிறது. பக்கத்து நாற்காலியில் இன்னார் அமர்ந்தால் நாம் எழுந்துபோவோம் என்று அவர் அஞ்சும்படி நாம் நடந்துகொண்டால், வாசலில் சுவரெழுப்பியவர் அவரல்லர், நாமே. தமக்குச் செய்த அவமதிப்பைப் பொறுக்கமாட்டாதவர், பிறர்க்குச் செய்யும் அவமதிப்பை மட்டும் கண்டும் காணாதவர்போல் உண்டு எழுந்து போவது எந்தச் சுயமரியாதையில் சேரும்?

இன்று மாலையும் எங்கோ ஓர் அடுப்பு மூட்டப்படும்; புகை எழும். அது இன்னாரென்று பாராமல் எல்லோரையும் அழைக்கும். அடுப்பு விடுத்த அந்த அழைப்பை வாசல் பொய்யாக்காதிருக்கும் கடைக்கே நாம் போவோமாக. நம் மக்களையும் அங்கேயே அழைத்துப் போவோமாக.